பிள்ளை விளையாட்டும் பெற்றோர் கடமையும்

“அவன் விளையாட்டுப் பிள்ளை” என்று நம்மவர் கூறும்போது அதில் அன்பு சிறிதும் குறை பெரிதுமாகக் கலந்திருக்கக் காண்கிறோம். “விளையாட்டுப் புத்தி இன்னும் போகவில்லை” என்றும், “இது என்ன விளையாட்டா?” என்றும் பேசிப் பழகியதனால், விளையாட்டென்பது வேலையற்ற பொழுதில் செய்யும் வீண் காரியம் என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் ஊன்றிவிட்டது. வளர்ந்தவர்க்கு அஃது ஓரளவு பொருந்தலாம். ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கோ விளையாட்டே வேலையும் படிப்பும் ஆகும். இதனை நம் முன்னோர் அறிந்திருந்தனர்; பிற நாட்டறிஞரும் ஆராய்ந்து உறுதி செய்துள்ளனர். ஊர்விட்டு வந்து இந்நகரில் வாழும் நாம்தாம் இதனை மறந்து வருகின்றோமோ என்னும் ஐயம் எழுகிறது. அவ்வையமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

நம் வீடுகளின் நிலை

1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் படைக் குடியிருப்பை நிறுவியது தொட்டுத் தமிழ் மக்கள் இப்பகுதிக்கு வந்து குடியேறலாயினர். 1864ஆம் ஆண்டில் ஜோலார்பேட்டையிலிருந்து கன்டோன்மென்ட் வரை இருப்புப் பாதை அமைந்தபின் அவ்வரவு பெருகிற்று. இன்று காக்ஸ் டவுனிலும் அதனை அடுத்த ஜீவனஹள்ளி, மாருதி சேவா நகர் முதலிய இடங்களிலும் மூன்று நான்கு தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. சென்ற ஆண்டு பெட்டியும் பாயுமாக வந்து இறங்கிய குடும்பங்களும் உண்டு.

பின்னவர் வாழ்வைச் சற்று நோக்குவோம். ஓர் அறையும் ஓர் அடுக்களையும் கொண்ட வாடகை வீடு. திண்ணை இல்லை, முற்றம் இல்லை. வாயிலில் இறங்கினால் இரு மருங்கும் நிறுத்தப்பட்ட வண்டிகள். இருப்புப் பாதை அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணிபுரியும் நம் போன்றோர் காலையில் புறப்பட்டால் விளக்கு வைத்தபின் வீடு திரும்புகிறோம். முறை வேலை பார்ப்போர் குழந்தை விழித்திருக்கும் பொழுதில் அதன் முகத்தைக் காண்பதே அரிது. இல்லத்தரசியரும் பலர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்கோ வேறு அலுவலுக்கோ செல்கின்றனர். பாட்டி திருவண்ணாமலையிலோ திருப்பத்தூரிலோ இருக்கிறாள்.

ஊரில் ஒரு குழந்தையைப் பத்துக் கைகள் வளர்த்தன. அத்தை கன்னத்தைத் தொட்டுப் பேசுவாள்; பெரியப்பா தோளில் தூக்கிச் செல்வார்; எதிர்வீட்டுச் சிறுமி இடுப்பில் வைத்துக்கொண்டே பாண்டி ஆடுவாள். இவற்றையெல்லாம் ‘குழந்தை வளர்ப்பு முறை’ என்று எவரும் பெயரிட்டு அழைத்ததில்லை. இங்கே அந்தப் பத்துக் கைகளின் இடத்தை இரண்டு பொருள்கள் பிடித்துக்கொண்டன. ஒன்று கைப்பேசி; மற்றொன்று காலத்திற்கு முந்திய எழுத்துப் பாடம். இரண்டரை வயதுக் குழந்தையின் விரல்களுக்கிடையே எழுதுகோலைத் திணித்து, மூன்று வயதில் பள்ளியின் நேர்முகத் தேர்வுக்கு அதனைப் பழக்கும் பெற்றோரை நம் தெருவிலேயே காண்கிறோம். அவர்கள் செய்வது அன்பினால்தான். தாங்கள் பட்ட துன்பம் பிள்ளை படக்கூடாதே என்னும் கவலையினால்தான். எனினும் அவ்வன்பு செல்லும் வழி சரியானதா என்று கேட்க வேண்டியது நம் கடமை.

முன்னோர் வகுத்த பத்துப் பருவங்கள்

பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையை நம்மிற் பலர் பள்ளி நாட்களில் பெயரளவிற் கேட்டிருப்போம். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன்மீது பாடியதும், 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மைமீது பாடியதும் புகழ் பெற்றவை. கடவுளையோ அரசனையோ சிறு குழந்தையாகக் கொண்டு பத்துப் பருவங்களாகப் பாடுதல் அதன் இலக்கணம். பக்திச் சுவைக்கும் சொற்சுவைக்கும் அதனைப் போற்றுகிறோம். பெற்றோரின் கண்கொண்டு நோக்கினால், குழந்தை வளர்ச்சியை அளந்து கூறும் அட்டவணையாகவும் அது நிற்பது புலனாகும்.

காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் ஆண்பால் பெண்பால் இரண்டிற்கும் பொது. ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பவை அவற்றின்பின் வரும். பெண் குழந்தைக்கு நீராடல், அம்மானை, ஊசல் முதலியன வரும். 3ஆம் மாதத்தில் காப்பு, 5ஆம் மாதத்தில் செங்கீரை, 9ஆம் மாதத்தில் சப்பாணி என ஒற்றைப்பட்ட மாதங்களில் இவற்றை எண்ணுவர். இக்கணக்கு நூலுக்கு நூல் சிறிது வேறுபடும்.

செங்கீரை என்பது யாது? குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்ந்து அசைந்தாடும் நிலை. கழுத்தும் தோளும் முதுகும் வலுப்பெறுவது இந்த ஆட்டத்தினாலேதான். விழித்திருக்கும் வேளையில் குழந்தையைப் பாயின்மேல் குப்புறக் கிடத்தி, அருகிலிருந்து பேச்சுக் கொடுங்கள் என்று இன்றைய மருத்துவர் கூறுவதும் இதற்காகவே. எந்நேரமும் தொட்டிலிலும் மடியிலும் வைத்திருக்கும் குழந்தைக்கு இந்த ஆட்டம் கிட்டுவதில்லை.

சப்பாணி என்பது கைகொட்டல். இரு கைகளும் நடுவில் வந்து சேர்வது உடலின் தேர்ச்சி. எதிரில் இருப்பவர் கொட்டுவதைக் கண்டு தானும் கொட்டுவது அறிவின் தேர்ச்சி. வருகை என்பது தளர்நடை. உலக நலவாழ்வு நிறுவனம் பல நாட்டுக் குழந்தைகளை அளந்து பார்த்ததில், நலமாக வளரும் குழந்தைகள் 8ஆம் மாதத்திலிருந்து 18ஆம் மாதத்திற்குள் தனித்து நடக்கக் கண்டது. ஆதலின் அடுத்த வீட்டுக் குழந்தை பத்தாம் மாதத்தில் நடந்துவிட்டதே என்று மனம் வருந்த வேண்டுவதில்லை.

அம்புலிப் பருவமோ எல்லாவற்றினும் நுட்பமானது. தாய் நிலவைச் சுட்டிக் காட்டுகிறாள். குழந்தை முதலில் விரலைப் பார்க்கிறது. பிறகு விரல் சுட்டும் திசையைப் பார்க்கிறது. பிறகு தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. இருவர் நோக்கும் ஒரே பொருளில் சென்று கூடும் அந்நொடியில்தான் ‘நிலா’ என்னும் சொல் அப்பொருளோடு ஒட்டுகிறது. மொழி பிறக்கும் இடம் அதுவே. பின்னர்ச் சில நாட்களில் குழந்தை தானே விரல் நீட்டிக் காகத்தையும் நாயையும் காட்டத் தொடங்கும். அப்போது நாம் மறுமொழி கூறுகின்றோமா என்பதுதான் கேள்வி.

இப்பத்துப் பருவங்களுள் எதிலும் குழந்தை தனித்து விடப்படவில்லை. தாயோ செவிலியோ தோழியரோ எவரேனும் ஒருவர் அதனோடு பேசிக்கொண்டே இருக்கின்றனர். விளையாட்டின் உயிர் பொம்மையில் இல்லை; உடன் இருந்து மறுமொழி தரும் மனிதரிடத்தில் இருக்கிறது. நாம் வற்புறுத்த விரும்புவது இவ்வொன்றே.

தமிழகம் கண்ட மாண்டிசோரி அம்மையார்

இன்று பெங்களூரின் தெருக்கள்தோறும் ‘மாண்டிசோரி’ என்னும் பெயர்ப்பலகையைக் காண்கிறோம். அப்பெயருக்குரிய அம்மையார் தமிழ் மண்ணில் பல ஆண்டு வாழ்ந்தவர் என்பதை அறிந்தோர் சிலரே.

மரியா மாண்டிசோரி இத்தாலி நாட்டு மருத்துவர். 1870ஆம் ஆண்டில் பிறந்தவர். 1907ஆம் ஆண்டு ஜனவரியில் ரோம் நகரின் சான் லொரென்ஸோ என்னும் தொழிலாளர் குடியிருப்பில் அவர் முதல் குழந்தையர் இல்லத்தைத் தொடங்கினார். தாய் தந்தையர் இருவரும் வேலைக்குச் சென்றுவிட, அவர்தம் குழந்தைகள் கட்டிடங்களின் சுவர்களைப் பாழாக்குகின்றனர் என்று உரிமையாளர்கள் கண்டனர். எவரேனும் அக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டால் போதுமென எண்ணினர். அந்த எளிய தேவையிலிருந்து பிறந்ததுதான் இன்று உலகெங்கும் பரவியுள்ள முறை. செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்காக அது தோன்றவில்லை. நம் போன்ற உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளுக்காகவே தோன்றிற்று.

அம்மையார் அங்கே ஒன்றைக் கண்டார். விலையுயர்ந்த பொம்மைகளை வைத்தும் குழந்தைகள் அவற்றை நாடவில்லை. கை கழுவுதல், மேசை துடைத்தல், பொருளை அளவறிந்து பொருத்துதல் முதலிய மெய்யான காரியங்களையே விரும்பித் திரும்பத் திரும்பச் செய்தன. நாம் ‘வேலை’ என்பதும் ‘விளையாட்டு’ என்பதும் குழந்தைக்கு ஒன்றே என்பதை அவர் உணர்ந்தார்.

1939ஆம் ஆண்டு நவம்பரில், பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பின்பேரில் தம் மகன் மாரியோவுடன் அம்மையார் சென்னை வந்தார். அடையாற்றில் நடந்த முதற் பயிற்சி வகுப்பில் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் 300க்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். அடுத்த ஆண்டு ஜூனில் இத்தாலி போரில் இறங்கிற்று. பகை நாட்டவர் என்னும் காரணத்தால் ஆங்கில அரசு மாரியோவைக் காவலில் வைத்தது; தாயாரின் நடமாட்டத்திற்கும் கட்டுப்பாடு விதித்தது. அம்மையாரின் 70ஆம் பிறந்த நாளை முன்னிட்டே 1940 ஆகஸ்டில் மகன் விடுவிக்கப்பட்டார்.

போர்க்காலத்தில் அவ்விருவரும் கொடைக்கானலில் சில ஆண்டு தங்கினர். அங்கே சிறு குழந்தைகளோடு செடி, கொடி, இலை, கல் முதலியவற்றைக் கொண்டு அவர் நடத்திய பணி பின்னாளில் அவர் முறையின் ஒரு பகுதியாயிற்று. 1946ஆம் ஆண்டில்தான் அவர் ஐரோப்பா திரும்பினார். குழந்தையின் மனம் சுற்றுப்புறத்தைப் பஞ்சு நீரை உறிஞ்சுவது போல உறிஞ்சிக்கொள்ளும் என்று அவர் விளக்கிய புகழ்பெற்ற நூல் 1949ஆம் ஆண்டில் அடையாற்றில்தான் முதன்முதல் அச்சாயிற்று.

ஒன்றைப் பெற்றோர் கருத்தில் இருத்த வேண்டும். மாண்டிசோரி என்னும் பெயரை எவரும் பள்ளிக்கு இட்டுக்கொள்ளலாம், தடையேதும் இல்லை. ஆகவே பலகையை மட்டும் நம்பலாகாது. மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகள் ஒரே அறையில் கலந்திருக்கின்றனரா, தாமே எடுத்துச் செய்யும் பொருள்கள் கைக்கெட்டும் உயரத்தில் உள்ளனவா, இடையூறின்றி நெடுநேரம் ஒரு செயலில் ஈடுபட விடுகின்றனரா என்று நேரிற் சென்று பார்க்க வேண்டும். வீட்டருகில் உள்ள அங்கன்வாடியையும் இழிவாக எண்ண வேண்டுவதில்லை. 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ் 3 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்கு விளையாட்டுவழிக் கல்வியும் அங்கே உண்டு. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் 3 முதல் 8 வயது வரை விளையாட்டையே கல்வியின் அடிப்படையாக வைத்துள்ளது.

ஜமைக்கா நாட்டில் கண்ட உண்மை

“இவையெல்லாம் கேட்க இனிமைதான், பலன் உண்டா?” என்று சிலர் வினவலாம். அதற்கு விடை மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றாகிய ஜமைக்காவில் கிடைத்துள்ளது.

அந்நாட்டின் தலைநகராகிய கிங்ஸ்டனில் 1986, 1987ஆம் ஆண்டுகளில் சாலி கிராந்தம் மெக்கிரகர் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தனர். எல்லாரும் 9 முதல் 24 மாத வயதினர். வயதிற்கேற்ற உயரமின்றிக் குன்றியவர். அவர்களை நான்கு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்குப் பாலுணவு தந்தனர். மற்றொரு பிரிவினர் வீட்டிற்கு வாரந்தோறும் ஒருமுறை நலப்பணிப் பெண் சென்று, ஒரு மணி நேரம் தாயுடனும் குழந்தையுடனும் அமர்ந்து விளையாட்டைக் கற்பித்தாள். மூன்றாம் பிரிவினர்க்கு இரண்டும் கிட்டின. நான்காம் பிரிவினர்க்கு இரண்டும் இல்லை. இவ்வாறு இரண்டாண்டு நடந்தது. அப்பெண் கொண்டு சென்றவை கடைப் பொம்மைகள் அல்ல. வெற்றுப் புட்டி, அட்டைப் பெட்டி போன்ற வீட்டுப் பொருள்களால் செய்த விளையாட்டுச் சாமான்களே.

ஏறத்தாழ இருபதாண்டு கழித்து, அக்குழந்தைகள் 22 வயது அடைந்தபோது தேடிச் சென்று பார்த்தனர். விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்களின் வருவாய் பெறாதவர்களின் வருவாயைவிட 25 விழுக்காடு மிகுந்திருந்தது. குன்றாது வளர்ந்த ஏனைய குழந்தைகளுக்கு நிகராக அவர்கள் முன்னேறியிருந்தனர். பாலுணவு மட்டும் பெற்றோரிடத்தில் அத்தகைய நெடும்பயன் காணப்படவில்லை. 2014ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று.

உணவு வேண்டாம் என்பது இதன் பொருளன்று. உணவோடு உறவும் வேண்டும் என்பதே பொருள். அத்தாய்மார் படித்தவருமல்லர், பணம் படைத்தவருமல்லர். குழந்தை கை நீட்டினால் பெயர் சொல்லவும், அது ஒலி எழுப்பினால் மறு ஒலி கொடுக்கவும், அது முயன்றால் பாராட்டவும் கற்றனர். அவ்வளவே.

அடுக்களையும் பொம்மைக் கடையும்

இனி நம் வீட்டிற்கு வருவோம். நம் அடுக்களையில் இல்லாத விளையாட்டுச் சாமான் எக்கடையிலும் இல்லை. ஒன்றனுள் ஒன்று அடங்கும் கிண்ணங்களை அடுக்கிப் பிரிப்பதில் பெரிது சிறிது என்னும் கணக்கு இருக்கிறது. மூடியை அதற்குரிய டப்பாவில் பொருத்துவதில் உருவ அறிவு இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தை அவரைக்காய் ஆயும். துவைத்த துணியில் அப்பாவுடையது இது, தன்னுடையது இது என்று பிரிக்கும். சப்பாத்தி மாவில் ஒரு சிறு உருண்டை கொடுத்தால் அரைமணி நேரம் அதனை உருட்டும். பின்னாளில் எழுதுகோல் பிடிக்க வேண்டிய விரல்கள் வலுப்பெறுவது இவ்வாறுதான். வேலை சற்றுத் தாமதமாகும். தரை சற்று அழுக்காகும். அதனைப் பொறுத்துக்கொள்ளுதல் வேண்டும்.

பொம்மை வாங்குவதாயின் நம் அருகிலேயே சன்னபட்டணம் இருக்கிறது. மைசூர் செல்லும் புகைவண்டியில் நாம் கடந்து போகும் ஊர்தான். இலேசான வெண்மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, அரக்கு வண்ணக் கோலை அதன்மேல் அழுத்துவர். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் பற்றும். தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவர். முனை மழுங்கிய கிலுகிலுப்பையும் வளைய அடுக்கும் நடைவண்டியும் அங்கே செய்யப்படுகின்றன. மூன்று சக்கரச் சிறுதேரைக் குழந்தைகள் உருட்டி விளையாடியது பட்டினப்பாலையிலேயே கூறப்பட்டிருப்பதால், நடைவண்டி நமக்கு நேற்று வந்த பொருளன்று. மரப்பாச்சியும் சொப்புச் சாமானும் ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் ஓர் ஓரத்தில் வைத்துக் கொண்டுவரத் தக்கவை.

ஓர் எச்சரிக்கையும் கூறுவோம். மூன்று வயதிற்குட்பட்ட குழந்தையிடம் புளியங்கொட்டை, சோழி, கோலிக்குண்டு, வேர்க்கடலை முதலியவற்றைத் தரலாகாது. தொண்டையில் சிக்கி மூச்சடைக்கும். பல்லாங்குழிக்கு இன்னும் சில ஆண்டு பொறுத்திருக்கலாம். கைக்கடிகாரத்திலும் மலிவான ஒளிப் பொம்மைகளிலும் உள்ள பொத்தான் போன்ற மின்கலம் மிகக் கொடியது. விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாக ஐயம் ஏற்பட்டாலே உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

கைப்பேசியும் தாய்மொழியும்

சோறூட்டும்போது கைப்பேசியைக் காட்டுவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அக்காலத்தில் நிலவைக் காட்டி ஊட்டினர். இக்காலத்தில் இதைக் காட்டுகிறோம், என்ன வேற்றுமை என்று கேட்கலாம். நிலவைக் காட்டும்போது பேசியவள் தாய். குழந்தை சிரித்தால் அவளும் சிரித்தாள். கைப்பேசியோ குழந்தை சிரித்தாலும் அழுதாலும் தன்போக்கில் ஓடும். இரண்டு வயதிற்கு முன் திரைகளைக் காட்ட வேண்டாம் என்றும், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது, அதனினும் குறைவாயின் நன்று என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. ஊரிலுள்ள பாட்டியோடு முகம் பார்த்துப் பேச அதே கருவியைப் பயன்படுத்தலாம். பாட்டி மறுமொழி கூறுவாள் அன்றோ!

மொழி பற்றியும் ஒரு சொல். பள்ளியில் ஆங்கிலம் வேண்டுமென்று கருதி, அரைகுறை ஆங்கிலத்தில் குழந்தையோடு பேசும் பெற்றோர் பலர். பேச்சில் சுவையும் கதையும் கேலியும் கொஞ்சலும் எந்த மொழியில் நமக்குத் தடையின்றி வருமோ அந்த மொழியில் பேசுவதே குழந்தைக்கு நலம். அது நமக்குத் தமிழ்தான். கன்னடத்தைக் குழந்தை தெருவிலும் அண்டை வீட்டிலும் அன்போடு கற்றுக்கொள்ளும். கற்கவும் வேண்டும், நாம் வாழும் மண்ணின் மொழி அஃது. ஒரே காலத்தில் இரண்டு மூன்று மொழிகளைக் கேட்டு வளர்வதால் குழந்தையின் அறிவு குழம்பிவிடாது.

ஆயினும் பெயர் சொல்லி அழைத்தால் ஓராண்டு நிறைந்தும் திரும்பிப் பாராமை, ஒன்றரை வயதிலும் எதையும் சுட்டிக் காட்டாமை, நடவாமை, பேசிய சில சொற்களையும் இழந்துவிடல் ஆகியவை காணப்பட்டால், “அவன் தந்தையும் தாமதமாகத்தான் பேசினான்” என்று ஆறுதல் கூறிக் காலங் கடத்தலாகாது. குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். செவிக்கும் பேச்சுக்கும் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனம் இருக்கிறது. முந்திக் கண்டால் பெரும்பாலும் நன்மை உண்டு.

அரைமணிப் பொழுது

தந்தையர்க்கு ஒரு வேண்டுகோள். நாளொன்றுக்கு அரைமணிப் பொழுது போதும். அலுவலகத்திலிருந்து திரும்பியதும் கைப்பேசியை மாடத்தில் வைத்துவிட்டுத் தரையில் அமருங்கள். என்ன ஆட்டம் என்பதைக் குழந்தை தீர்மானிக்கட்டும். நீங்கள் குதிரையாகலாம், பயணச்சீட்டு வாங்கும் பயணியாகலாம், சொப்பில் ஊற்றிய வெறுங் காப்பியைக் குடித்துச் சர்க்கரை போதவில்லை என்று கூறலாம். இடையிடையே திருத்தவும் பாடம் புகட்டவும் வேண்டா. முறை வேலை பார்ப்போர் காலையிலோ நண்பகலிலோ அப்பொழுதை ஒதுக்கலாம். ஒருநாள் தவறினால் மறுநாள் தொடரலாம்.

சங்கத்தார்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஞாயிறுதோறும் மாலையில் இரண்டு மணி நேரம் நம் கூடத்தைச் சிறு குழந்தைகளுக்குத் திறந்து விடலாம். மேடையும் தலைவரும் பரிசும் வேண்டா. நான்கு பாய், ஒரு கூடைச் சொப்பு, சிறிது மணல் போதும். நம் குடியிருப்புகளில் வாழும் பாட்டிமார் பலர் பேரப்பிள்ளைகள் தொலைவில் இருக்கத் தனித்திருக்கின்றனர். இங்குள்ள குழந்தைகள் பலர் பாட்டியின்றி வளர்கின்றனர். இவ்விருவரையும் ஒரு கூடத்தில் சேர்த்து வைத்தால், ஊரில் விட்டு வந்த அந்தப் பத்துக் கைகளில் சிலவேனும் காக்ஸ் டவுனில் நமக்குத் திரும்பக் கிட்டும். கூடத்தைப் பெருக்கிப் பாய் விரிக்க முன்வரும் அன்பர்கள் தம் பெயரைச் சங்கச் செயலாளரிடம் தெரிவிப்பார்களாக.